பி.எஸ்.எல்.வி. மாதிரி: பக்க பூஸ்டரை எரிய விடுவதா, ஒட்டிவிடுவதா?

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஆறு பக்க பூஸ்டர்கள் (பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் துணை ராக்கெட்டுகள்) உள்ள எக்ஸ்.எல். வகையை ஐம்பதில் ஒரு பங்கு அளவில், பறக்கும் மாதிரியாக இரண்டு முறை கட்டியிருக்கிறேன். முதல் மாதிரியில், ஆறு பக்க பூஸ்டர்களில் எதிரெதிரே உள்ள இரண்டு உண்மையிலேயே எரிந்து கழன்று விழும். அடுத்ததில் ஆறுமே வெறும் கூடு. பசை போட்டு ஒட்டியவை. நடுவில் மட்டும் ஒரு மோட்டார், அதாவது மருந்து அடைத்த எரியும் குழாய். இனி இன்னொன்று கட்டினாலும் இரண்டாவது மாதிரிதான் கட்டுவேன்.

ஆசையைக் கிளப்பியது அளவுதான். நிஜ ராக்கெட்டின் உயரம் 44.4 மீட்டர், மாதிரியில் 89 செ.மீ. 2.8 மீட்டர் விட்டமுள்ள நடு உடல் 56 மி.மீ. ஆகிறது. அந்த அளவில் அட்டைக்குழாய் கிடைக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள பூஸ்டர் 20 மி.மீ. ஆகிறது. நான் இருக்கும் அமெரிக்காவில் கடையிலேயே வாங்கக்கூடிய எஸ்டெஸ் நிறுவனத்தின் 18 மி.மீ. மோட்டாரைச் செருகும் குழாய்க்கு வெளிவிட்டம் 18.7 மி.மீ. ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்துகிறது. மோட்டார் போட்டுப் பார்க்கத் தோன்றாமல் இருக்குமா?

தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. செலவில் உண்டு: ஒரு தடவை ஏவ எரியும் மாதிரிக்கு நடுவில் ஒன்றும் பக்கத்தில் இரண்டுமாக மூன்று மோட்டார், ஒட்டிய மாதிரிக்கு ஒன்று. கழலும் அமைப்பும் பெரிய சிக்கலில்லை. பூஸ்டரின் மேல்முனையில் ஒரு கொக்கி, நடு உடலில் அதற்கு ஒரு துளை. எரியும்வரை உந்துவிசை கொக்கியை மேலே அழுத்திப் பிடித்திருக்கும். அணைந்ததும் காற்றே பூஸ்டரைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றிவிடும். மூன்று முறை ஏவியதில் ஒரு முறை அது சரியாக நடந்தது. அந்த இரண்டு வெள்ளைக் குழாய்களும் பிரிந்து விழுந்த காட்சியை நினைத்தால் இன்றும் மனசு துள்ளுகிறது.

ஆனால் முடிவு செய்வது பற்றவைப்பு. கருமருந்து மோட்டாரில் இக்னைட்டரின் (மின்சாரத்தில் சூடாகிப் பற்றவைக்கும் சிறு கம்பியின்) நுனி உள்ளே மருந்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் நுனி மட்டும் எரிந்துவிட்டு மோட்டார் சும்மா இருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரியும், நுனி மருந்தைத் தொடுகிறதா என்று தெரியாது. மூன்றையும் பேரலலில்தான் இணைக்க வேண்டும். சீரிஸில் இணைத்தால் முதலில் எரிந்தது மற்றதற்கு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ராக்கெட்டை ஏவ அழுத்தும் சாதாரண பட்டன் பெட்டியின் சிறு பேட்டரிகள் போதாது, 12 வோல்ட் பேட்டரி வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், ஒரு மோட்டார் கொஞ்சம் முந்திக்கொண்டால் ராக்கெட் கிளம்பி மற்ற இக்னைட்டர்களுக்கு மின்சாரம் தரும் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கணக்காகப் பாருங்கள். ஓர் இக்னைட்டர் இருபதில் ஒரு தடவைதான் ஏமாற்றும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் பற்றிக்கொள்ள வாய்ப்பு 86 சதவீதம். ஆறு பூஸ்டரும் நடு மோட்டாருமாக ஏழு என்றால் 70தான். ஒற்றை மோட்டார் பற்றவில்லை என்றால் ராக்கெட் அப்படியே நிற்கும். ஒரு நிமிடம் காத்திருந்து வேறு இக்னைட்டர் மாட்டலாம். ஒரு பக்கம் மட்டும் பற்றினால் அந்த வசதி கிடையாது. நான் போட்ட ஏ8 மோட்டாரின் உச்ச விசை சுமார் 10 நியூட்டன். அதாவது ஒரு கிலோ எடை, மையத்திலிருந்து நாலு செ.மீ. தள்ளி நின்று தள்ளுகிறது. கிளம்பும்போது நேராகப் பிடித்திருக்கும் ஏவுகம்பியை விட்ட நொடியில் வேகம் குறைவு. வாலில் இருக்கும் துடுப்புகளால் நிமிர்த்த முடியாது. என்னுடையது இரண்டாவது தடவை அப்படித்தான் கவிழ்ந்து புல்வெளியைத் தேய்த்துக்கொண்டு போனது. ஒன்பது மீட்டர் தள்ளி நின்றிருந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மகள் அதற்கப்புறம் பட்டனைத் தொட மறுத்துவிட்டாள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

நிஜ ராக்கெட்டில் நான்கு பூஸ்டர் தரையிலும் இரண்டு சுமார் 25 நொடி கழித்து வானிலும் பற்றுகின்றன. எல்லாம் எதிரெதிர் ஜோடிகளாகத்தான். அங்கே திசை திருத்தக் கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. நமக்கு இருப்பது துடுப்பு மட்டும்.

அந்தத் துடுப்புதான் ஒட்டிய மாதிரியின் முக்கிய வேலை. பி.எஸ்.எல்.வி.க்குத் துடுப்பே கிடையாது என்பதால் கண்ணாடிபோல் ஊடே தெரியும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, பூஸ்டர்களுக்கு இடையே நுழைத்து, அவற்றைத் தாண்டி வெளியே நீளும்படி வைத்தேன். இரண்டடி தள்ளிப் பார்த்தால் கண்ணில் படாது. பூஸ்டர் குழாய்களை உள்ளே காலியாகவே விடுங்கள், கூம்பைக் காகிதத்தில் சுருட்டுங்கள். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் களிமண் அடைக்க வேண்டிவரும். மூக்கில் உள்ள, உடலைவிட அகலமான வெப்பக் கவசம் வேறு காற்றழுத்த மையத்தை (காற்றின் விசை மொத்தமும் செயல்படும் புள்ளியை) முன்னுக்கு இழுக்கிறது. எடை மையம் அதற்கு முன்னால் குறைந்தது ஓர் உடல் விட்டமாவது இருக்க வேண்டும். எனக்கு மொத்தம் 320 கிராம் வந்தது. டி12-5 என்ற மோட்டார் தாங்கும் 283 கிராமைத் தாண்டிவிட்டதால், அதைவிடப் பெரிய 29 மி.மீ. எஃப்15-4 மோட்டாருக்குப் போனேன். இதுவரை எட்டு முறை ஏவியாயிற்று. எட்டு முறையும் நேராகப் போய்ப் பாராசூட்டில் இறங்கியது. இரண்டு தடவை தரையில் இடித்துப் பூஸ்டர் ஒன்று பெயர்ந்தது, பசை போட்டால் சரி.

ஆறையும் எரியவிட்டு நான் பார்த்ததில்லை, அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். பூஸ்டர் கழன்று விழுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள் எக்ஸ்.எல். வேண்டாம், டி.எல். வகையைக் கட்டுங்கள். 2019 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி44 பறந்தது அந்த வடிவில்தான். அதற்கு நிஜத்திலேயே இரண்டு பூஸ்டர்தான்.