எல்3பில்ட்: ரிலீஸ் ராத்திரி இப்பத்தான் தூங்குறேன்

லேடெக்குக்கு (டாக்குமென்ட் டைப்செட் பண்ற சாஃப்ட்வேர்) ஒரு பேக்கேஜ், அதாவது ஆட்-ஆன், எழுதி வச்சிருக்கேன், முன்னாடியெல்லாம் ஒரு மேக்ரோவ (நாமளே உருவாக்குற கமாண்ட்) மாத்தினா சாம்பிள் பிடிஎஃப்ப கண்ணால பாத்துட்டு சரியாத்தான் இருக்குன்னு ரிலீஸ் பண்ணிடுவேன், அப்புறம் பாத்தா ஜீடெக்ல ஓடும் லுவாடெக்ல புட்டுக்கும் (ரெண்டும் லேடெக்க ஓட்டுற வேற வேற இன்ஜின்). இப்ப எல்3பில்ட்தான், பேக்கேஜ டெஸ்ட் பண்ணி ரிலீஸுக்கு ரெடி பண்ற டூல். லேடெக் டீமே எழுதினது, லேடெக்க இன்ஸ்டால் பண்ற டெக் லைவ் தொகுப்புலயே வந்துடுது.

பில்ட்.லுவான்னு ஒரு ஃபைல், அதுல மாட்யூல் பேர் கொடுத்தாலே ஆரம்பிச்சிடலாம். டெஸ்ட் ஃபைலுக்கு எல்விடி எக்ஸ்டென்ஷன், அதோட லாக்ல வர்றத 'சேவ்' கமாண்ட் டிஎல்ஜி ஃபைலா எழுதி வச்சுக்கும், அடுத்து 'செக்' அடிச்சா பிடிஎஃப்டெக், ஜீடெக், லுவாடெக் மூணுலயும் ஓட்டி அதோட ஒப்பிட்டுப் பாக்கும். ஃபைல் பாத், தேதி மாதிரி மெஷினுக்கு மெஷின் மாறுற சமாச்சாரத்த அதுவே கழிச்சுடுது, இது பெரிய நிம்மதி.

ஒண்ணு மட்டும் உஷார். சேவ் பண்ணும்போது என்ன வந்தாலும் அதையே சரின்னு எடுத்துக்கும். நான் டிஎல்ஜிய தொறந்தே பாக்காம சேவ் பண்ணிட்டு, 'அன்டிஃபைன்ட் கன்ட்ரோல் சீக்வென்ஸ்'ங்கிற எரரையே சரியான விடையா வச்சுக்கிட்டு ஒரு மாசம் டெஸ்ட் பாஸ் டெஸ்ட் பாஸ்னு குதிச்சிருக்கேன் (என் தப்புதான், டூல என்ன சொல்ல).

'சிடேன்' கமாண்ட் (லேடெக் பேக்கேஜ்லாம் இருக்குற ஆன்லைன் களஞ்சியத்தோட பேர்தான் சிடேன்) டெஸ்ட் ஓட்டி, டாக்குமென்டேஷன டைப்செட் பண்ணி, ஜிப்பும் கட்டிக் கொடுத்துடும், டெஸ்ட் ஃபெயிலானா ஜிப் கிடையாது. அங்க அப்லோடு பண்ணவும் கமாண்ட் இருக்கு. வெர்ஷன் நம்பர் மாத்துற 'டேக்' கமாண்டுக்குத்தான் லுவாங்கிற ப்ரோகிராமிங் மொழில நாமளே ஃபங்ஷன் எழுதணும், லுவா தெரியாதவங்களுக்கு அங்க கொஞ்சம் மூச்சு வாங்கும். மேனுவலும் வறட்டு மேனுவல், ரெண்டு மூணு பேக்கேஜோட பில்ட்.லுவாவ தொறந்து பாத்தா சீக்கிரமா புரியும். 5க்கு நாலரை.