அழியாத மடல்களை மீட்டுத் தந்ததற்கு 119,000 ரூபா: மின்னஞ்சல் சேர்வர் வைத்திருப்போர் கவனத்துக்கு

சென்ற பங்குனியில் எங்கள் அலுவலகத்து மின்னஞ்சல் சேர்வர் நின்றுபோனபோது, அதைத் திருத்தித் தருவதாக வந்த ஒருவருக்கு 164,000 ரூபா கொடுத்தேன். அதில் 119,000 ரூபா, அழிந்துவிட்டதாக அவர் சொன்ன மடல்களை மீட்டெடுத்ததற்கான கூலி. அந்த மடல்களில் ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை என்பதும், பழுதானதாகச் சொல்லப்பட்ட இடத்தில் அவை ஒருநாளும் இருந்ததேயில்லை என்பதும் காசு கைமாறிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எங்களைப் போலச் சொந்தச் சேர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருப்பதால், நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அது எழுதவேண்டிய இடத்தில் எழுதப்பட்டுவிட்டது.

நாங்கள் திருநெல்வேலியில் இருந்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, வடகம் ஆகியவற்றை ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். எங்களுடைய 14 மின்னஞ்சல் கணக்குகளும் மாத வாடகைக்கு எடுத்த, உபுண்டு என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு சேர்வரில் இருந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் மடல்களை வாங்கும், அனுப்பும்; டவ்கொட் பெட்டிகளைத் திறந்து காட்டும்; எந்த முகவரிக்குக் கணக்கு உண்டு, அதன் கடவுச்சொல் எது என்பதை இரண்டுமே மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் அறிந்துகொள்ளும். இதை அமைத்துத் தந்த பிள்ளை வெளிநாடு போய்விட்டார். நான்கு வருடம் ஒருவரும் கைவைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதே உண்மை. அந்த அசட்டை என்னுடையது, அதை மறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவுட்லுக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியது. சரியான சொல்லை எத்தனை தரம் அடித்தாலும் ஏற்கவில்லை. வெளியில் இருந்து ஒரு மடலும் வரவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் விமானத்தில் ஏற்றவேண்டிய சரக்குகள் பெட்டி கட்டும் நிலையில் இருந்ததால், பதற்றத்தில், அறிந்தவர் ஒருவர் சொன்ன தொழில்நுட்பவியலாளரை அன்றே அழைத்தேன். வந்தவர் அரை மணித்தியாலம் மடிக்கணினியில் தட்டினார். திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அத்தாட்சி என்று வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார்.

"ஐயா, டேற்றாபேஸ் முழுக்கப் பழுதாப் போச்சுது. உங்கட மெயில் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்குது. வேற ஆரும் கைவைச்சா ஒண்டும் மிஞ்சாது" என்றார்.

அந்த இரண்டாவது வசனத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன். ஒரு கணக்குக்கு 8,500 ரூபா வீதம் 14 கணக்குகளுக்கு மீட்புக் கட்டணம். புதிய சேர்வர் அமைக்க 45,000 ரூபா. பற்றுச்சீட்டில் "தரவுத்தள மீட்பு" என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். செவ்வாய் பின்னேரம் பழைய சேர்வரை நிறுத்தினார். அடுத்த திங்கட்கிழமைதான் புதியதைக் கையளித்தார். பழைய மடல்கள் எல்லாம் பெட்டிகளில் இருந்தன, எனக்கு மனம் குளிர்ந்தது, மிச்சக் காசையும் அப்போதே கொடுத்துவிட்டேன்.

ஆனால் புதிய மடல் ஒன்றும் வரவில்லை. கேட்டபோது, டிஎன்எஸ் (எங்கள் பெயருக்கு வரும் மடல் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று காட்டும் இணைய முகவரிப் பட்டியல்) உலகம் முழுவதும் பரவ 48 மணித்தியாலம் எடுக்கும் என்றார். 48 மணித்தியாலம் கழிந்தது. அதன்பின் அவருடைய தொலைபேசி மணியடித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை இரவு, கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் என் மருமகனிடம் கதைத்தேன். சேர்வர் வாடகை என்னுடைய அட்டையில் போவதால், வாடகைக்குத் தருவோரின் கட்டுப்பாட்டுப் பக்கம் என் பெயரிலேயே இருந்தது. அதன் வழியாக, முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போக முடிந்தது. (இது ஒன்று மட்டும் என் கையில் இருந்திராவிட்டால் இந்தப் பதிவை எழுதவும் வழி இருந்திராது.) அவர் முதலில் பார்த்தது, நடப்பதை எல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் எழுதிவைக்கும் பதிவேட்டை. அதில் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரே வரி: 451 4.3.0, ரெம்பரறி லுக்கப் ஃபெயிலியர். அதாவது, தேடிப்பார்க்கும் அட்டவணை இப்போதைக்குப் பதில் தரவில்லை, பிறகு வா என்று வந்த மடலுக்குச் சொல்லப்படுகிறது.

"மாமா, டிஎன்எஸ் பிழையெண்டா மெயில் எங்கட வாசலுக்கே வந்திராது. இது வாசலுக்கு வந்து, உள்ளுக்க இப்பிடி ஓராள் இருக்கிறாரோ எண்டு கேட்டு, மறுமொழி கிடைக்காமத் திரும்பிப் போகுது" என்றார் மருமகன்.

பிறகு அவர் காட்டியதை நான் குறித்துவைத்தேன். போஸ்ட்மாப் என்ற கட்டளையால் எங்கள் முகவரி ஒன்றைத் தரவுத்தளத்தில் தேடச் சொன்னால் உடனே சரியான விடை வந்தது. ஆனால் உண்மையான மடல் வந்தால் அதே தேடல் பிழைத்தது. காரணம், உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் குரூட் என்னும் அடைப்புக்குள் ஓடுகின்றன. அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் இடமாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால், அது வலையமைப்பு வழியாகப் போகாமல், ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் சொக்கற் கோப்பு ஒன்றைத் தேடும். அந்தக் கோப்பு அடைப்புக்கு வெளியே இருப்பதால் அகப்படாது. கட்டளையைக் கையால் கொடுக்கும்போது நாம் அடைப்புக்கு வெளியே நிற்கிறோம், ஆகவே எல்லாம் நன்றாகவே தெரியும். மூன்று கோப்புகளில் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை, வலையமைப்பு வழியாகப் போகவைக்கும் 127.0.0.1 என்ற முகவரியாக மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸை மீண்டும் தொடக்கினார். கொஞ்ச நேரத்தில் மடல்கள் வந்து விழத் தொடங்கின. இந்தத் துறையில் இது பலரும் இடறும் பழைய கல் என்று மருமகன் சொன்னார். 45,000 ரூபா வாங்கியவர் அதைத் தெரியாமல் இருந்ததை மன்னிக்கலாம், டிஎன்எஸ் மேல் பழியைப் போட்டதை மன்னிக்க முடியவில்லை.

மீட்புக் கட்டணம் பற்றிய சந்தேகம் அதற்குப் பிறகுதான் எழுந்தது. வாடகைக்குத் தருவோர் ஞாயிறுதோறும் எடுத்துவைக்கும் முழுப் பிரதி ஒன்று, பழுதுக்கு இரண்டு நாள் முந்தியது, எங்களிடம் இருந்தது. அதைத் திறந்தபோது மடல்கள் தரவுத்தளத்துக்குள் இல்லவேயில்லை. ஒரு மடலுக்கு ஒரு கோப்பாக, மெயில்டிர் முறையில், சாதாரணக் கோப்புறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. கணக்குகளுக்கான தரவுத்தளத்தில் இருந்தவை 14 முகவரி வரிகளும், குறியாக்கப்பட்ட கடவுச்சொற்களும், சில முன்னனுப்பு விதிகளும்தான். அதன் பிரதி 40 கிலோபைட்கூட வரவில்லை. எங்கள் 26 கிகாபைட் மடல்கள் அதற்குள் எப்படிக் கிடந்திருக்கும்?

இன்னும் ஒன்று. இந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் மடல் வந்த நேரத்தோடு தொடங்கும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளைக் குறிக்கும் பத்து இலக்க எண் அது. ஞாயிற்றுக்கிழமைப் பிரதியில் இருந்த கோப்புகளையும், "மீட்கப்பட்டவை" என்று புதிய சேர்வரில் இருந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து, பெயர்கள் ஒன்றே. அவர் செய்தது கோப்புறையைப் பிரதி செய்ததுதான்.

அப்படியானால் முதலில் என்ன பழுது? அதற்கு விடை, அவர் அத்தாட்சியாக அனுப்பிய படத்திலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மைஎஸ்கியூஎல்லின் பிழைப் பதிவில், பிழை இலக்கம் 28, நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ் என்ற வரி தெளிவாகத் தெரிகிறது. வட்டு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். 40 கிகாபைட் வட்டில் மடல்கள் போக, தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனறி பதிவுகள் மட்டும் 9 கிகாபைட் பிடித்திருந்தன. மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில் இந்தப் பதிவு யாரும் கேட்காமலே இயங்கும், 30 நாள் வரை வைத்திருக்கும். ரவுண்ட்கியூப் என்ற வலை அஞ்சல் தன் தற்காலிகச் சேமிப்பையும் அதே மைஎஸ்கியூஎல்லில், தனித் தரவுத்தளமாக, எழுதிக்கொண்டிருந்ததால் இந்தப் பதிவு பெருத்துவிட்டது. பழைய மென்பொருள் பொதிகளையும் பதிவேடுகளையும் அகற்றிச் சிறிது இடம் எடுத்து, தரவுத்தளத்தைத் தொடக்கி, பைனறி பதிவுகளை அதன் கட்டளையாலேயே கழித்து (கோப்புகளைக் கையால் அழிக்கக்கூடாதாம்), வைத்திருக்கும் நாட்களைக் குறைத்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

உண்மையான இழப்பு திருத்த வேலையால்தான் வந்தது. 451 என்பது தற்காலிக மறுப்பு. அனுப்பிய சேர்வர் மடலை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். சேர்வர் நின்றிருந்தாலும் முயலும். ஆனால் எல்லையின்றி அல்ல. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் அது ஐந்து நாள். எங்கள் சேர்வர் ஒன்பது நாள் மடல் வாங்கவில்லை. ரொறன்ரோக் கடைக்காரர் ஒருவர், 600 கிலோ மிளகாய்த்தூளுக்கான திருத்திய கொள்வனவுக் கட்டளையை முதல் நாளே அனுப்பியிருந்தார். அது அவரிடமே திரும்பிப் போயிற்று. நாங்கள் கடையைப் பூட்டிவிட்டோம் என்று நினைத்து வேறிடத்தில் வாங்கிவிட்டார். தொலைபேசியில் வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஆகவே இதே வகைச் சேர்வர் வைத்திருப்பவர்கள், மீட்பு என்று யாராவது விலை சொன்னால், மடல்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், பதிவேட்டின் கடைசி இருபது வரிகள் என்ன சொல்கின்றன என்ற மூன்றையும் உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஐந்து நிமிடத்தில் காட்டக்கூடியவை. காட்ட மறுப்பவரிடம் சேர்வரை நிறுத்தும் அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

கோப்புப் பெயர்களின் ஒப்பீட்டை அனுப்பிக் காசைத் திருப்பிக் கேட்டபோது, "பேசி முடிச்ச காசு ஐயா, வேலை முடிஞ்சதுதானே" என்று ஒரு குரல் பதிவு வந்தது. நான் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியும், இரண்டு கோப்புப் பட்டியல்களும் அதனுடன் உள்ளன. முதலாம் இணைப்பு, அவர் தன் கையால் எடுத்து எனக்கு அனுப்பிய அந்தப் படம். பிழை இலக்கம் 28 உள்ள வரியை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறேன்.