டர்பன் சோஷியல் ஹவுசிங்: வீடு கிடைத்தது, பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். வீட்டை வாடகைக்கு விட்டது எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. அங்கேதான் குடியிருக்கிறேன், இல்லையா.

நான் பிறந்தது மயிலாடுதுறை, வாழ்க்கைப்பட்டது தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பையன். பகலில் புடவைக் கடையில் வேலை, இரவில் பிளவுஸ் தையல். ஒரு பெரியம்மா வீட்டு அவுட்பில்டிங்கில் 3,800 ராண்ட் வாடகைக்கு இருந்தோம். அவுட்பில்டிங் என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் குடியிருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போனார்களே, அப்போது எங்கள் பின்சுவர் மண்ணோடு சரிந்தது. பெரியம்மா பாவம், கடன் வாங்கிக் கட்டிக் கொடுத்தார். ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் பையன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். சரி, போதும் என்று 2025 பிப்ரவரியில் சோஷியல் ஹவுசிங் வீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது ஆர்டிபி வீடு இல்லை. ஆர்டிபி என்பது அரசு சொந்தமாகக் கொடுக்கும் வீடு. சோஷியல் ஹவுசிங் வாடகைக்கு மட்டும்தான், இருபது வருடம் இருந்தாலும் நம் பெயருக்கு வராது. 2008-ல் வந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அரசு மானியத்தில் அடுக்குமாடி கட்டிக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. விண்ணப்பமும் நேரே அந்த நிறுவனத்திடம்தான். பிடித்தங்களுக்கு முன் குடும்பத்தின் மாத வருமானம் 1,850 ராண்டுக்கும் 22,000 ராண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 2022-க்கு முன் மேல் எல்லை 15,000 ஆக இருந்தது. அப்போது தள்ளப்பட்டவர்கள் இப்போது போட்டுப் பார்க்கலாம். குடியுரிமை கட்டாயமில்லை, நிரந்தர வசிப்புரிமை போதும். சொந்தமாக வீடு இருக்கக்கூடாது, முன்பு அரசு வீட்டு மானியம் வாங்கியிருக்கவும் கூடாது.

இதையெல்லாம் பார்த்து, நமக்கு எல்லாம் பொருந்துகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொருந்தாதது என் பெயர்.

தமிழ்நாட்டில் எனக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினார்கள். அதை வைத்து இங்கே ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை, பச்சை ஐடி புத்தகம் போட்டது. அதனால் அரசாங்கக் கணக்கில் நான் என் அப்பா. கடையில் சேர்ந்தபோது முதலாளி கணவரின் சர்நேமைப் போட்டார், பே ஸ்லிப்பில் நான் கோவெண்டர். வங்கியில் யாரோ இனிஷியலையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று உண்டாக்கினார்கள். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதி, முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், அதுவே தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது. எனக்கு அந்த வேலையை இருபத்தோராம் நூற்றாண்டில் மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகச் செய்து கொடுத்திருக்கின்றன.

இணையத்தில் படிவத்தை நிரப்பிக் காகிதங்களை ஏற்றினேன். ஐடி, மூன்று மாதப் பே ஸ்லிப், மூன்று மாத வங்கிக் கணக்கு, திருமணச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, பையனின் பிறப்புச் சான்று. நகல்கள் மூன்று மாதத்துக்குள் சான்றொப்பம் வாங்கியவையாக இருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: விவரங்கள் ஒத்துப்போகவில்லை. எந்த விவரம்? எதோடு? அதற்குப் பதில் இல்லை. அந்தத் தொலைபேசி எண்ணுக்கு நான் எத்தனை முறை அடித்தேன் என்பதைக் கடையில் என்னோடு வேலை செய்யும் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பு இசையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை எடுத்தவர் "ஜஸ்ட் நவ்" கூப்பிடுகிறேன் என்றார். தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: இங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போது இல்லை. எப்போது என்றும் கேட்கக்கூடாது.

கடைசியில் நேரே போனேன். வரவேற்பில் இருந்த பையன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான்: போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அஃபிடவிட் எழுதி வாங்குங்கள், மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று. அவ்வளவுதான். அதை அந்த ஒரு வரிப் பதிலிலேயே எழுதியிருக்கலாம். குறைத்த ஒன்றரை நட்சத்திரத்தில் ஒன்று இதற்குத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் காசு கிடையாது, முத்திரையும் அங்கேயே குத்துவார்கள். கான்ஸ்டபிள் அம்மா மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்து என் முகத்தைப் பார்த்து, "இதில் நீ யார்?" என்று கேட்டார். மும்மூர்த்தியும் ஒன்றே என்று ஊரில் கோயில் வாசலில் கேட்டிருக்கிறேன். அதை ஆங்கிலத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

அப்புறம் நீண்ட மௌனம். நடுவில் ஃபேஸ்புக்கில் ஒரு ஆள், 2,500 ராண்ட் கொடுத்தால் பட்டியலில் மேலே ஏற்றிவிடுவதாகச் சொன்னான். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. பெரியம்மாதான் தடுத்தார். அவர் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். நகராட்சி வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் அது, தமிழர்களே அதிகம். 1960-களில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். "கார்ப்பரேஷன் வீட்டுக்கு எவனுக்கும் தனியாகக் காசு கொடுக்காதே" என்றார். "கவர்மென்ட் ஃபிளாட்டுக்கா போகிறாய்?" என்று என்னிடம் முகம் சுளித்த சொந்தக்காரர்கள் இன்று இருக்கும் வீடுகளும் ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் கட்டியவைதான். இப்போது முன்னால் தூண் வைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், அதனால் ஞாபகம் இல்லை.

நவம்பரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் நகல்கள் எல்லாம் காலாவதி. புதிதாக எடுத்தால் இன்னொரு சிக்கல்: மூன்று மாத வங்கிக் கணக்கில் தீபாவளி மாதமும் விழுந்துவிட்டது. 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், எனக்குக் கடைச் சம்பளம் மாதம் 5,600 சொச்சம். தையலில் சாதாரணமாக 900 வரும். ஆனால் தீபாவளிக்கு ஊரே பிளவுஸ் தைக்கக் கொடுக்கும். அந்த மாதத்தைப் பார்த்தால் நான் 6,700-ஐத் தாண்டிவிடுகிறேன். 6,700 வரை கீழ்ப்பிரிவு. ஒவ்வொரு கட்டடத்திலும் குறைந்தது 30 சதவீத வீடுகள் அந்தப் பிரிவுக்கு, வாடகையும் குறைவு. தாண்டினால் மேல்பிரிவு.

நேர்காணல் செய்தது ஜூலு இளம்பெண் ஒருத்தி. "சிசி (அக்கா), அக்டோபரில் என்ன நடந்தது?" என்று கேட்டாள். தீபாவளி என்றேன். சிரித்துவிட்டு, "அப்படியானால் மற்ற மாதங்களையும் காட்டுங்கள், தையல் பருவத்தைப் பற்றி ஒரு அஃபிடவிட்டும் கொண்டுவாருங்கள்" என்றாள். வருமானத்தை மறைக்காதீர்கள், தையல் என்றால் தையல் என்றே எழுதுங்கள் என்றும் சொன்னாள். கடன் வரலாற்றைப் பார்த்தபோது கணவரின் பழைய ஃபர்னிச்சர் கடைப் பாக்கி ஏதும் என் தலையில் இல்லை என்று அவளே சொல்லி ஆறுதல்படுத்தினாள். அவளுக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம்.

ஜனவரியில் சாவி. அதற்கு முன் அரை நாள் வகுப்பு: வாடகை முதல் தேதிக்குள், உள்வாடகை கூடாது, விருந்தாளி என்றால் வாசலில் கையெழுத்து. இதில் ஒன்றை மட்டும் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். குடிபோகும் முன் நாமும் அவர்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து உடைசல், கறை எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது 1999 வாடகைச் சட்டம். நாம் கொடுக்கும் டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில்தான் வைக்க வேண்டும், சேதம் இல்லையென்றால் காலி செய்த ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும். தகராறு என்றால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை. அவர்கள் அவசரப்படுத்தினாலும் நான் அவசரப்படவில்லை. சமையலறைக் கதவின் கீல், குளியலறை ஓட்டில் விரிசல் என்று எல்லாவற்றையும் எழுத வைத்துப் படமும் எடுத்தேன்.

ஒரு படுக்கையறை, மூன்றாம் மாடி, 1,780 ராண்ட். மின்சாரம் ப்ரீபெய்ட், இருபது இலக்க எண்ணைப் பையன்தான் அடிப்பான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. தையல் மெஷின் வைக்கலாம், போர்டு மாட்டக்கூடாது. சாட்ஸ்வர்த்தில் வாசலில் விளக்கு ஏற்றிப் பழகியவளுக்குப் பொது நடைபாதைதான் கொஞ்சம் இடிக்கிறது. ஜன்னல் திட்டில் ஏற்றுகிறேன். வாடகை ரசீது அப்பா பெயரில் வருகிறது. அவர் மாயவரத்தைத் தாண்டிச் சென்னைக்கே இரண்டு தடவைதான் போனவர்.

மீதி அரை நட்சத்திரம் படுக்கையறை ஜன்னலுக்கு. தெற்கிலிருந்து காற்றோடு மழை அடித்தால் ஓரத்தில் கசிகிறது. சேர்ந்து பார்த்த அன்று வெயில், அதனால் பட்டியலில் ஏறவில்லை. மூன்று முறை புகார் எண் வாங்கிவிட்டேன். ஜஸ்ட் நவ் வருவார்களாம்.