சிறுவிடைக் குஞ்சுக்கு எந்த வழி: அடைக்கோழியா, இன்குபேட்டரா, விலைக்கு வாங்குவதா?

பத்துப் பெட்டை, ஒரு சேவலோடு சிறுவிடை (சிறிய உருவ நாட்டுக்கோழி) வளர்ப்பவர் அதையே தொழிலாக்க நினைத்தால், முதலில் இடறுவது குஞ்சில்தான். தடுப்பூசி, புருடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கூண்டு), விற்பனை மூன்றுமே ஒரே நாளில் எத்தனை குஞ்சு கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. எட்டுக் குஞ்சு, பத்து நாள் கழித்து ஆறு குஞ்சு என்று வந்தால் எதுவும் கட்டுப்படியாகாது.

அடைக்கோழிக்குச் செலவே இல்லை என்பார்கள். கோழியின் நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டை 12 முதல் 15 முட்டை இட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். ஆண்டுக்கு மூன்று தடவை, மிஞ்சினால் நான்கு. பொரிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் 12 முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்து கூமுட்டையாகும். பழைய வழக்கப்படி அடைக்கூடையில் இரும்புத் துண்டும் மிளகாயும் போடுவதால் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது பேனும் செல்லும்தான் (கோழி உடலில் ஒட்டும் சிறு பூச்சிகள்). கோழி பாதி அடையில் எழுந்து போவதற்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். உட்கார வைக்குமுன் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய் ஓரத்திலும் பிரித்துப் பாருங்கள்.

பெரிய இழப்பு பொரித்த பிறகு வருவது. காகம், கீரி, மழை ஒரு பக்கம், வெள்ளைக்கழிச்சல் மறுபக்கம். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தில் சிறிய குப்பியே பெரும்பாலும் 100 டோஸ். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சுக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? அதனால்தான் தாயோடு திரியும் குஞ்சு பல வீடுகளில் தடுப்பூசியே பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்கைந்து கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள்: சிலந்தி போல நரம்பு ஓடினால் கரு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். மிச்ச முட்டைகளை, முன்பைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான கோழிகளுக்கு அடியில் சேர்த்துவிடுங்கள். பொரித்ததும் குஞ்சுகளைப் புருடருக்கு மாற்றினால், தாய் சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வரும்.

முப்பது பெட்டைக்கு மேல் போனால் இன்குபேட்டர்தான் சரி. விசிறி வைத்த பெட்டியில் 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ், 18ஆம் நாள் வரை ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டையைத் திருப்புவதும் 18ஆம் நாளோடு நிற்க வேண்டும். ஒரே பெட்டியில் வாரந்தோறும் புது முட்டை சேர்ப்பது இங்கேதான் உதைக்கும்: ஒன்றுக்குத் திருப்பல் வேண்டும், மற்றதற்கு ஈரம் வேண்டும். முட்டையைச் சேமிப்பது ஏழு நாளைத் தாண்டக் கூடாது. கூர்முனை கீழே, குளிர்ந்த இடம், ஃபிரிட்ஜ் வேண்டாம், கழுவவும் வேண்டாம். சூடு கூடினால் முன்னதாகவே பொரித்துத் தொப்புள் ஆறாத குஞ்சு வரும். குறைந்தால் 22, 23 நாளாகும். ஓட்டைக் கொத்திவிட்டு வெளிவர முடியாமல் சாகும் குஞ்சுகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஆசைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஈரத்தை வெளியே விட்டதாக இருக்கும். கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

புருடரில் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் ஐந்து டிகிரி குறைவு. குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய குண்டு பல்புக் கணக்கு, எல்.இ.டி. சூடு தராது. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், விலகி ஓரத்தில் மூச்சு வாங்கினால் சூடு. ஏழாம் நாளுக்குள் கண்ணில் லசோட்டா சொட்டு மருந்து, 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி ஊசி.

கறிக்கு மட்டும் வளர்ப்பவருக்கு ஒரு மாதக் குஞ்சு வாங்குவதே லாபம். விலை கூடுதல், ஆனால் சாவும் கரண்ட் செலவும் விற்பவர் தலையில். சிறுவிடை என்று சொல்லிக் கலப்பினம் தருவது சாதாரணம்; அந்த வயதில் குஞ்சைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, தாய்க்கோழிகளைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசித் தேதிகளை எழுதி வாங்குங்கள். பின்புறம் எச்சம் ஒட்டிய குஞ்சு ஒன்று இருந்தாலும் அந்தக் கூட்டமே வேண்டாம். வந்த குஞ்சை இரண்டு வாரம் தனிப் பட்டியில் வைத்து, பழைய கோழிகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்த பிறகே அந்தப் பட்டிக்குள் போக வேண்டும்.