செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: அகலம் விரிக்கும் வலை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தை முதன்முதலில் பார்ப்பவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். ஓங்கிய மரங்களோ அலங்கார ஏரிகளோ அங்கே இல்லை. மேடும் பள்ளமுமான புல்வெளியும் அதில் ஒழுங்கின்றிச் சிதறிய 112 பங்கர்கள் என்னும் மணற்குழிகளுமே கண்ணில் படும். பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரை நீளும் ஒவ்வொரு தடமும் ஒரு ஹோல். முதல் ஹோலும் பதினெட்டாவது ஹோலும் இடையே தடுப்பின்றி ஒட்டிக் கிடப்பதால், பந்தை எந்தப் பக்கம் அடித்தாலும் பிழையில்லை என்று தோன்றும். மைதானம் விரிக்கும் முதல் வலை அதுதான்.

ஒரே ஆள் திட்டமிட்டு அமைத்த மைதானம் அல்ல இது. 1764ஆம் ஆண்டு இங்கே 22 ஹோல்கள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கு அதிலிருந்து வந்தது. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பே கிரீன். இங்குள்ள ஏழு பெரிய கிரீன்களில் ஒவ்வொன்றையும் இரண்டு ஹோல்கள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த இரண்டின் எண்களைக் கூட்டினால் 18 வரும். முற்காலத்தில் எதிர்த்திசையிலும் ஆடியதால், இன்று பொருளற்ற இடத்தில் இருப்பதாகத் தோன்றும் பங்கர்கள் பல, அந்தத் திசையிலிருந்து நோக்கினால் சரியான இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுள் சில, முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியா. முதல்முறை ஆடுபவர், மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் கேடி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது.

போகும் வழியில் வலப்புறம் முட்புதர். இடப்புறம் தாராளமான வெளி. அஞ்சி இடப்பக்கம் ஒதுங்குபவரை மைதானம் அப்போது தண்டிப்பதில்லை. ஆனால் அங்கிருந்து குழியைக் காட்டும் கொடியை நோக்கும்போது குறுக்கே ஒரு பங்கரோ மேடோ நிற்கும். புதரை உரசிச் செல்லத் துணிந்தவருக்கே பல ஹோல்களில் கிரீன் திறந்து கிடக்கும்.

பதினான்காவது ஹோலில் 'ஹெல்' என்ற பெரிய பங்கர் வழிமறிக்கிறது. அதற்கு அஞ்சுவோர் இடப்பக்கமுள்ள ஐந்தாவது ஹோலின் ஃபேர்வே என்னும் புல்தரைக்கே பந்தை அனுப்புவதுண்டு. அடுத்த வீட்டு முற்றம் வழியாகப் போவது போன்ற இந்த உரிமையைப் பிற மைதானங்களில் காண்பது அரிது.

என் கணிப்பில் இங்கே மகுடம் பதினேழாவது ஹோல்தான். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிகளில் 495 கஜம் நீளும் இந்தப் பார் நான்கில், அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய ஹோலில், ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலாக டீ ஷாட்டை அடிக்க வேண்டும். வலப்பக்கம் அதிகம் விலகினால் பந்து எல்லைக்கு வெளியே. குறுகிச் சாய்வாகக் கிடக்கும் கிரீனின் முன்னே ரோடு பங்கர், பின்னே சாலையும் கற்சுவரும். 1978 ஓப்பனில் ஜப்பானியரான நாகஜிமா கிரீனிலிருந்து உருட்டிய பந்தே அந்தப் பங்கருக்குள் சரிந்து, அவர் ஒன்பது அடிகளில் முடித்தார். 2022இல் கேமரன் ஸ்மித் அதே பங்கரைச் சுற்றி, பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் பந்தை உருட்டிப் பாரைக் காத்துக்கொண்டு, பட்டத்தையும் வென்றார். 2000இல் டைகர் வுட்ஸ் நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரிலும் விழாமல் வென்றதை அவருடைய வலிமையைவிட, இடமறிந்து ஆடியதற்குச் சான்றாகவே கொள்வேன்.

குறை இல்லாமலில்லை. ஒன்பதும் பத்தும் தட்டையான, சுவை குன்றிய ஹோல்கள். காற்று ஓய்ந்த நாளில் இன்றைய வீரர்களின் நீண்ட அடிக்கு மைதானம் எளிதில் பணிந்துவிடுகிறது. பதினேழாவதன் டீயைப் பழைய ரயில் பாதைக்கு அப்பால் தள்ளியதும் அதனால்தான்.

வழக்கமாக ஞாயிறன்று ஆட்டம் இல்லை. ஊரார் அங்கே காலாற நடக்கலாம். செல்பவர்கள் பதினெட்டாவது கிரீனின் முன்னுள்ள 'வேலி ஆஃப் சின்' பள்ளத்தில் ஒருமுறை இறங்கி நின்று, கொடியின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.