சுவருக்குப் பெயிண்டா, ஸ்டென்சிலா, ஸ்டிக்கரா? உரிக்கும் நாளை நினைத்து ஓர் ஒப்பீடு

பிள்ளைகள் அறையில் ஒரு பெரிய மரம் ஸ்டிக்கர் ஒட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு அது அலுத்துவிட்டது. சரி, உரித்துவிடலாம் என்று ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். இலைகள் சுலபமாக வந்தன. பறவைகளும் வந்தன. அடிமரத்துக்கு வந்தபோது சரக்கென்று ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தால், ஸ்டிக்கரின் பின்பக்கம் முழுக்கப் பட்டி மாவு வெள்ளையாக அப்பியிருந்தது. ஓரத்தில் வெளிர்பச்சை பெயிண்ட் ஒரு தோல் மாதிரி தெரிந்தது. சுவரில் அடிமரத்தின் உருவத்திலேயே ஒரு பள்ளம்.

ஸ்டிக்கர் மேல் தப்பில்லை. பட்டி பார்த்த சுவரில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல், நேராக எமல்ஷன், அதாவது தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்ட், அடித்திருந்தார்கள். பட்டியைப் பெயிண்ட் பிடித்திருந்ததைவிட, பெயிண்டை ஸ்டிக்கர் பசை பலமாகப் பிடித்துக்கொண்டது. இழுத்தபோது பலவீனமான இடத்தில் பிய்ந்து வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சுவருக்கு எதை வாங்கப் போனாலும், வேண்டாம் என்று தோன்றும் நாளில் இது சுவரைவிட்டு எப்படிப் போகும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கடை வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ரோலர் பிடித்து அடிக்கும் பெயிண்ட், உருவம் வெட்டிய தாளின் வழியே நிறம் ஒற்றும் ஸ்டென்சில், வினைல் ஸ்டிக்கர், முழுச் சுவருக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் வால்பேப்பர் ஆகிய நான்கையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் சுவரில் ஒரு சோதனை. ஒரு முழம் நீள அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, 2 நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றில் ஈரம் அதிகம், காற்றோட்டம் போதவில்லை. ஓதம் ஏறிய சுவரில், வெள்ளையாக உப்புப் பூத்த சுவரில் இந்த நான்கில் எதுவுமே நிற்காது. முதலில் கசிவை அடைக்க வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் என்றால் குறைந்தது 28 நாளாவது விட வேண்டும். புதுப் பூச்சில் காரத்தன்மை அதிகம், பெயிண்டை அது கெடுத்துவிடும்.

பெயிண்ட்

பெயிண்டை யாரும் உரித்து எடுப்பதில்லை. அடுத்த நிறத்துக்கு அதுவே அடித்தளமாகிவிடும். இதுதான் அதன் பெரிய பலம். மனம் மாறினால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். ஆனால் அடியில் செய்த சோம்பேறித்தனமும் அங்கேயே தங்கிவிடும். மேலே எத்தனை கோட் அடித்தாலும், அடியில் பொடிகிற பட்டி பொடிந்துகொண்டுதான் இருக்கும்.

அதனால் வீட்டில் நாமே அடிக்கும்போது, பெரும்பாலான நேரம் ரோலர் கையில் இருக்காது. சுரண்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, தூசி துடைப்பது என்று போகும். 120 நம்பர் தாளில் ஆரம்பித்து 220இல் முடித்தால் கை வைத்துப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரியும். தேய்த்தபின் ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்தால், தூசியின் மேல்தான் பிரைமர் உட்காரும். வீடு மிகப் பழையது, கதவு ஜன்னல்களில் பழைய எனாமல் இருக்கிறது என்றால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு அமெரிக்கா 1978இல்தான் தடை போட்டது. அதற்கும் வெகுகாலம் பின்னால்தான் பல நாடுகளில் கட்டுப்பாடு வந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளைக்குக் கேடு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அளவுக் கணக்கு பலரும் தடுமாறும் இடம். நல்ல எமல்ஷன், பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில், ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 14 மீட்டர், சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38. இரண்டு கோட்டுக்கு 76. ஆக, 8 லிட்டர் வாங்கினால் திருத்தம் செய்யவும் கொஞ்சம் மிஞ்சும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது கோடாகத் தெரிந்துவிடும்.

கருவிகளில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம்? டிரே, வாளி, தரையில் விரிக்கும் துணி எதுவாகவும் இருக்கலாம். பழைய போர்வை போதும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் ஊறித் தரையில் பட்டுவிடும். ரோலர் உறையிலும் பிரஷ்ஷிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான உறை பஞ்சை உதிர்க்கும். அது பெயிண்டோடு காய்ந்து, சாய்ந்த வெளிச்சத்தில் முடிமுடியாகத் தெரியும். உறையின் இழை நீளம் வழவழப்பான சுவருக்கு 6 மில்லிமீட்டர், சாதாரணச் சுவருக்கு 9 முதல் 12, சொரசொரப்பான சுவருக்கு 18க்கு மேல். தண்ணீரில் கரையும் பெயிண்டுக்கு செயற்கை நார் பிரஷ் வாங்குங்கள். இயற்கை முடி தண்ணீரில் ஊறித் தொளதொளத்துவிடும், அதை எண்ணெய் எனாமலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு விஷயம். ஈர எமல்ஷன் பால் கலந்த மாதிரி வெளுப்பாகத் தெரியும். காயும்போது உள்ளே இருக்கும் பிசின் தெளிந்து நிறம் அடர்த்தியாகும். பாதி காய்ந்த சுவரைப் பார்த்துத் திட்டுத்திட்டாக இருக்கிறதே என்று பயந்து, நடுவில் பிரஷ்ஷை வைத்துவிடாதீர்கள். திட்டு அப்போதுதான் உண்மையிலேயே விழும். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் காயும் முன் அடுத்த பட்டையைச் சேர்த்து, ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிப்பதுதான் வழி.

ஸ்டென்சில்

இந்த நான்கில் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். மிஞ்சிய பெயிண்டில் ஒரு குட்டி டப்பா போதும். சின்ன ஸ்பாஞ்ச் ரோலரைப் பெயிண்டில் தொட்டு, பழைய துணியில் உருட்டி, கிட்டத்தட்ட உலர்ந்துவிட்டது என்று தோன்றும் வரை துடைத்துவிட்டு, பிறகுதான் ஸ்டென்சிலின் மேல் ஒற்ற வேண்டும். முதல் ஒற்றலில் நிறமே விழாத மாதிரி இருக்கும். பொறுமையாக மூன்று நான்கு முறை ஒற்றினால் இலையின் நரம்பு வரை கூர்மையாக வரும். ஆசைப்பட்டு ஒரேயடியாகப் பெயிண்டை ஏற்றினால் ஓரத்துக்கு அடியில் கசிந்து, இலை முழுக்க மீசை முளைத்துவிடும்.

மாஸ்கிங் டேப் வைத்துக் கோடு போடுவதும் இதே குடும்பம்தான். காருக்கு இரட்டை நிறம் அடிக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து, 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925இல் உருவாக்கியது இந்த டேப். அதில் கசிவு வராமல் இருக்க ஒரு வழி உண்டு. டேப் ஒட்டியதும், அதன் ஓரத்தில் முதலில் சுவரின் பழைய நிறத்தையே ஒரு முறை அடியுங்கள். கசிய வேண்டியது அந்த நிறத்திலேயே கசிந்து ஓரம் அடைபட்டுவிடும். அது காய்ந்தபின் புது நிறம். கடைசிக் கோட் முழுக்கக் காயும் முன்பே டேப்பைச் சாய்வாக மடக்கி இழுத்துவிட வேண்டும்.

ஸ்டென்சிலை அழிக்கும் நாள் எப்படி? பெயிண்டை மேலே அடித்தால் நிறம் மறையும், மேடு மறையாது. ஜன்னல் பக்கமிருந்து வெயில் சாயும்போது பழைய இலை மெல்லிய கோடாக எழுந்து நிற்கும். அதனால் மேலே அடிக்கும் முன் உப்புத்தாளால் மேட்டைத் தேய்த்தாக வேண்டும். உலர்ந்த ரோலரில் மெல்லிசாக ஒற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கனமாக அப்பியிருந்தால் அரை நாள்.

வினைல் ஸ்டிக்கர்

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஒரு மணி நேரத்தில் அறையின் முகமே மாறிவிடும், வாடையும் இல்லை. ஆனால் "எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அந்த வாக்கை ஸ்டிக்கர் மட்டும் காப்பாற்ற முடியாது. அடியில் இருக்கும் பெயிண்டும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெயிண்டும் ஸ்டிக்கரும் ஒன்றையொன்று தொடுகின்றன. சாட்டின், செமி-கிளாஸ் போன்ற லேசான பளபளப்புள்ள பெயிண்டில் ஸ்டிக்கர் நன்றாக ஒட்டும், சுத்தமாக உரியும். பளபளப்பே இல்லாத முழு மேட் சுவரில் பிடிப்பு குறைவு. கை வைத்தால் மாவு ஒட்டும் டிஸ்டம்பரிலும் சுண்ணாம்பிலும் ஒரு வாரத்தில் ஓரம் கிளம்பும். சொரசொரப்பான டெக்ஸ்சர் சுவர் வேண்டவே வேண்டாம். கறை படியாது என்று விற்கும் சில பெயிண்டுகள் கறையைத் தள்ளுகிற மாதிரியே பசையையும் தள்ளிவிடும்.

புதுப் பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக வாரக் கணக்கில் ஆகும். மூன்று நான்கு வாரம் பொறுத்துத்தான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஒன்று குமிழ் விடும், இல்லை உரிக்கும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். பாக்கெட்டில் இருக்கும் ஒரு சின்னப் பூவையோ பறவையையோ கதவுக்குப் பின்னால் ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பார்ப்பது என் கட்டாய வழக்கமாகிவிட்டது.

வாங்கும்போது இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். உருவத்தின் விளிம்பிலேயே வெட்டிய வினைல், பெயிண்டில் வரைந்த மாதிரியே இருக்கும். கண்ணாடி மாதிரித் தாளில் அச்சடித்த வகை மலிவாகத் தெரியும். ஆனால் மேட் சுவரில் உருவத்தைச் சுற்றி அந்தத் தாள் பளபளவென்று தனியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். அதிலும் ஒரே பெரிய மரத்தைவிடத் தனித்தனிச் சின்ன உருவங்கள் மேல். ஒன்று கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தவழும் குழந்தை இருந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் சின்னத் துண்டுகள் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுவிடும்.

உரிப்பதற்கு ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, முனையைக் கிளப்பி, சுவருக்கு இணையாகப் பின்னோக்கி மடக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். நேராக நம் பக்கம் வெடுக்கென்று இழுத்தால்தான் பெயிண்ட் பிய்யும். பசை மிஞ்சினால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஸ்பிரிட் எமல்ஷனையே கரைத்துவிடும், அதைத் தொட வேண்டாம். இவ்வளவு கவனமாக எடுத்தாலும், வெயில் படும் சுவர் என்றால் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் பழைய அடர் நிறத்தில் தெரியும். சுற்றிலும் வெளுத்திருக்கும். அதற்கு மருந்து சுவர் முழுக்கப் புதுக் கோட் அடிப்பது ஒன்றுதான்.

ஸ்டிக்கர் வால்பேப்பர்

ஸ்டிக்கரின் எல்லாக் குணமும் சுவர் முழுக்கப் பரவினால் எப்படியோ அதுதான் இது. மூடிய பரப்பு பெரிது என்பதால் உரிக்கும்போது வரும் ஆபத்தும் பெரிது. வினைல் தாள் ஈரத்தை ஊடுருவ விடாது. சுவரில் லேசான ஓதம் இருந்தாலும் பின்னால் பூஞ்சை பிடித்து, வாடை வரும்வரை நமக்குத் தெரியாது. முதல் தாளைச் சுவர் மூலையை நம்பி ஒட்டாதீர்கள், மூலைகள் நேராக இருப்பது அபூர்வம். தூக்குக்குண்டு விட்டு ஒரு கோடு போட்டு அதிலிருந்து தொடங்குங்கள். மலிவான தாள் நாளடைவில் சற்றுச் சுருங்கி, இணைப்பில் பழைய சுவர் கோடாகத் தெரியும். எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அலமாரியின் உட்புறப் பலகைக்கு என்றால் தயங்காமல் ஒட்டுவேன்.

இடத்துக்கு ஏற்றபடி சொல்வதானால், வாடகை வீட்டில் சாட்டின் சுவர் இருந்தால் சின்ன ஸ்டிக்கர்கள். மேட் பெயிண்டோ டிஸ்டம்பரோ இருந்தால், உரிமையாளர் சம்மதித்தால் ஒரே ஒரு சுவருக்குப் புது நிறம். 12 சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு கோட், இரண்டரை லிட்டரில் முடிந்துவிடும். பரப்பு கூடக்கூடப் பெயிண்ட்தான் சிக்கனம், கருவிகளும் அடுத்த முறைக்கு மிஞ்சும். குளியலறையில் ஆவி பட்டு ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பிக்கொண்டே இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வினைல் கூடவே கூடாது, சூட்டில் இளகும், தீப்பிடிக்கும். சொந்த வீட்டு வரவேற்பறைக்கு என் ஓட்டு பெயிண்டும் அதன் மேல் மெல்லிய ஸ்டென்சிலும்தான்.

பிள்ளைகள் அறையின் அந்தப் பள்ளத்தை, உதிரும் ஓரம் எல்லாம் சுரண்டி, பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடியும் பிரைமர் அடித்து, சாட்டினில் இரண்டு கோட் போட்டு முடித்தேன். மிஞ்சிய பெயிண்டை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, நிற எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நான்கு வாரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இந்த முறை மீன்கள் கேட்கிறார்கள். ஒரு மீனை மட்டும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை உரித்துப் பார்க்க வேண்டும்.