உருண்டைக் குண்டா, மினியே குண்டா?

குழல்வாய் வழியே கருமருந்தையும் (பழைய கறுப்பு வெடிமருந்து) குண்டையும் இறக்கிக் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி என்னுடையது. அதற்கு ஈய உருண்டையா, அடி குழிந்த நீளக் குண்டான மினியேயா என்பதுதான் கேள்வி. சுட்டதும் இலக்குத் தாளைப் பார்க்க ஓடமாட்டேன். முதலில் புல்லில் குனிந்து துணியைத் தேடுவேன். அரை அங்குலக் குழலில் 0.490 அங்குல ஈய உருண்டையைச் சுற்றி இறக்கிய பருத்தித் துணி, சில அடி முன்னால் விழுந்து கிடக்கும். நடுவில் கரிய வட்டம், ஓரம் மட்டும் பிசிர், மற்றபடி முழுசு என்றால் கெட்டித்தது சரி. கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. கத்தியால் வகிர்ந்த மாதிரி இருந்தால் குழல்வாய் விளிம்பு கூர். உருண்டை தன் குற்றத்தைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போகும். மினியேயில் இந்த வசதி இல்லை.

ஆனால் தூரம் போனால் மினியேதான். 1853 மாடல் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்கான குண்டு சுமார் 530 கிரெய்ன் (34 கிராம்) எடை, அடியில் குழிவு. வெடிவாயு அந்தக் குழிவை விரித்து, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளில் கவ்வ வைக்கும். கெட்டிக்கவும் சுலபம். உருண்டையோ 177 கிரெய்ன்தான். நூறு மீட்டர் தாண்டினால் காற்று அதைத் தள்ளிவிடும். விரிய வேண்டுமானால் மினியேக்குச் சுத்த ஈயம் வேண்டும். நான் கார்ச் சக்கர விளிம்பில் கவ்வி மாட்டும் பழைய எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தேன். பளபளவென்று வந்தன. ஆன்டிமனி என்ற உலோகம் கலந்த ஈயம், விறைப்பு. விரியாமல், வரியைக் கவ்வாமல் தடுமாறிப் போயின. தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீளநீளமாகக் கிழிசல்.

கொழுப்புக் கதை தெரிந்ததுதானே: 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தது இதே என்ஃபீல்டின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகப் பரவிய பேச்சு. காவடி எடுக்கிற எங்கள் வீட்டில் தேன்மெழுகும் தாவர எண்ணெயும்தான். மோட்டார் ஆயில் பக்கம் போகாதீர்கள். கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தாலும் வானிலையைக் கேட்க வேண்டும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். பிப்ரவரியில், தென்னாப்பிரிக்கக் கடலோர டர்பனின் ஈரக்காற்றில் அது சேறு மாதிரி இளகிக் கிடக்கும். மினியே நாலைந்து வெடி துடைக்காமலே இறங்குகிறது. ஜூலையில், அங்கே வறண்ட குளிர்காலம், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போனேன். மூன்றாம் வெடிக்கே கசடு ஓடாக இறுகி, குண்டைத் தள்ளி இறக்கும் கெஜக்கோல் பாதியில் நின்றது. அங்கே எல்லாரும் 'ஓம்' (ஆஃப்ரிகான்ஸ் மொழியில் மாமா) என்று கூப்பிடும் ஆஃப்ரிகானர் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஈரத் துணி ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு ஈரத் துணி, ஒரு காய்ந்த துணி. ஈரம் அதிகமானால் மருந்து நனைந்து புஸ்.

ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் உருண்டை, கடலோரத்தில் மினியே என்பது என் கட்சி. புதிதாக வருகிற தம்பி எங்கே இருந்தாலும் உருண்டையிலேயே தொடங்கட்டும். குழல் முறுக்கையும் பார்த்து வாங்க வேண்டும்: 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக்கானது, 28 என்றால் நீளக் குண்டுக்கு.

இரண்டுக்கும் பொதுவாக, மருந்தை ஒரே அளவுக்குப்பியில் அளந்து, ஒரே அழுத்தத்தில் கெட்டியுங்கள். குண்டு சரியாக உட்கார்ந்ததும் குழல்வாய் மட்டத்தில் கெஜக்கோலில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தின்மேல் உட்காரவில்லை. அப்படியே சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும்.

டர்பனில் அன்றிரவே குழலைக் கழுவ வேண்டும். கசட்டின் உப்பு ஈரத்தை இழுத்து விடிவதற்குள் துருவாக்கிவிடும். வெந்நீர் ஊற்றி, துடைத்து, எண்ணெய். எங்கள் வீட்டில் கெட்டில் இரண்டு. ஒன்றில்தான் தேநீர் போட அனுமதி.